பழைய ப்ளூஸ் தொகுப்புகள்: எதில் தொடங்குவது, யார் தேர்ந்தெடுத்தது?

#1 மழைக்காலம்

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பாடியவற்றைத் தொகுத்து 1961-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘கிங் ஆஃப் த டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்’ தட்டை மூன்று வாரமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 16 பாட்டு. ஒரே ஆள், ஒரே கித்தார். ஆனால் கீழ்த்தந்திகள் நடை போட்டுக்கொண்டே இருக்க, மேல்தந்திகள் பாடுகிறவருக்குப் பதில் சொல்கின்றன. ஒருவர்தான் வாசிக்கிறார் என்று நம்பவே சில நாள் ஆனது.

இதற்கு அடுத்து எங்கே போவது? ப்ளூஸ், அதிலிருந்து கிளைத்த ரிதம் அண்ட் ப்ளூஸ் இரண்டையும் 1920-களிலிருந்து 1950-கள் வரை தொடர்ந்து கேட்டு வர ஒரு நல்ல தொகுப்பு வேண்டும். இணையத்தில் தேடினால் ‘சிறந்த 100’ என்று ஏகப்பட்டது கிடைக்கிறது. எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஊசிமுனை

நல்ல இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். அடுத்த தொகுப்பைச் சொல்வதற்கு முன்னால், உங்கள் கையில் இருக்கும் தட்டின் பெயரை ஒரு தடவை பாருங்கள். டெல்டா (மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்குச் சமவெளி) ப்ளூஸ் பாடகர்களுக்கெல்லாம் அரசர் என்கிறது. ஜான்சன் உயிரோடு இருந்தவரை அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கட்டவில்லை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறையில் பதிவு செய்தார். 1937 ஜூனில் டல்லஸில் இன்னொரு முறை. அவ்வளவுதான், 29 பாட்டு. ‘டெர்ராபிளேன் ப்ளூஸ்’ மட்டும் சுமாராக விற்றது. 1938 ஆகஸ்ட் 16 அன்று மிசிசிப்பியில் கிரீன்வுட் ஊர்ப்பக்கம் இறந்துபோனார்.

அந்த நாட்களில் கறுப்பின மக்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டில் போட்டுக் கேட்டது யாரை? லீராய் கார். இண்டியானாபொலிஸில் இருந்தவர், பியானோ வாசித்துக்கொண்டே பாடுவார். அவரும் கித்தார்க்காரர் ஸ்க்ராப்பர் பிளாக்வெல்லும் 1928-இல் பதிவு செய்த ‘ஹவ் லாங், ஹவ் லாங் ப்ளூஸ்’ பெரிய வெற்றி. கேட்டுப் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925-இல் வந்ததால்தான் இப்படிப் பாட முடிந்தது. அதற்கு முன்னால் ஒரு பெரிய கூம்பின் வாய்க்கு எதிரே நின்று உரக்கப் பாட வேண்டும். 1920-இல் ‘கிரேஸி ப்ளூஸ்’ பாடிய மேமி ஸ்மித், 1923-இல் கொலம்பியாவுக்குப் பாட வந்த பெஸ்ஸி ஸ்மித் எல்லாரும் அந்தக் கூம்புக் காலத்தில் தொடங்கியவர்கள், மேடையில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கப் பாடிப் பழகியவர்கள். கார் அந்தத் தேவையிலிருந்து விடுபட்டவர்.

சரி, அப்படி ஊரே கேட்டவர் பின்னால் போய், ஊர் அதிகம் கேட்காதவர் எப்படி அரசரானார்? தொகுப்புகளால்தான். இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் சாமுவேல் சார்ட்டர்ஸ் ‘த கன்ட்ரி ப்ளூஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே பெயரில் ஃபோக்வேஸ் நிறுவனம் வழியாக ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார். அன்றைய மக்கள் எதை விரும்பினார்கள் என்பதுதான் அவர் அளவுகோல். அதனால் லீராய் கார், லானி ஜான்சன், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் எல்லாரும் உள்ளே வந்தார்கள். ராபர்ட் ஜான்சனுக்கும் ஒரு பாட்டு உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய கிராமஃபோன் தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்துவந்த ஒரு கூட்டத்துக்கு இந்தத் தேர்வு பிடிக்கவில்லை. ஆரிஜின் ஜாஸ் லைப்ரரி என்ற சிறு நிறுவனம் 1962-இல் பதில் தட்டு போட்டது. பெயர் ‘ரியலி! த கன்ட்ரி ப்ளூஸ்’. அட்டையிலேயே மல்லுக்கு நிற்கிறது. அதில் ஸன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், டாமி ஜான்சன் போன்றவர்கள். பலருடைய தட்டுகள் அந்தக் காலத்தில் விலை போகவே இல்லை.

அந்தப் போட்டியில் இரண்டாவது தட்டுதான் வென்றது. இன்று ப்ளூஸ் என்றதும் தனியாக ஓர் ஆள், ஒரு கித்தார், ஒரு மண் சாலை என்று நம் கண்ணில் வருகிறதே, அது 1930-இல் அந்த மக்கள் மனதில் இருந்த படம் அல்ல. அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

#3 பழையதட்டு

ஊசிமுனை தம்பி சொன்ன வரலாறு சரி. முடிவில்தான் நான் முரண்படுகிறேன். விற்பனையை வைத்துப் பாட்டை எடை போட்டால் ஸ்கிப் ஜேம்ஸ் என்றொருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

1931 பிப்ரவரியில் அவர் விஸ்கான்சின் மாநிலத்தில் கிராஃப்டன் என்ற சிற்றூருக்கு ரயிலேறிப் போய்ப் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பாடினார். இது சினிமா நிறுவனம் அல்ல. ஒரு நாற்காலிக் கம்பெனி நடத்தியது. கிராமஃபோனுக்கு மரப்பெட்டி செய்தவர்கள், பெட்டி வாங்குகிறவர்களுக்குத் தட்டும் வேண்டுமே என்று தட்டுத் தொழிலில் இறங்கினார்கள். ஜேம்ஸின் 18 பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெரும் பொருளாதாரச் சரிவு உச்சத்தில் இருந்த நேரம், வாங்க ஆளில்லை. சில தட்டுகளுக்கு உலகம் முழுக்கவே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் படிகள் மிஞ்சின. நிறுவனம் மூடிய பிறகு அச்சு உலோகத் தகடுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘உங்கள் வீட்டில் பழைய தட்டு இருக்கிறதா’ என்று கேட்டுத் திரிந்தவர்கள்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். அவர்கள் ரசனை நம் மேல் திணிக்கப்பட்டது என்று சொல்லலாம். அந்த ரசனை இல்லாவிட்டால் நம் கையில் வெறும் விற்பனைப் பட்டியல்தான் இருந்திருக்கும்.

இன்னொன்று. தொகுப்புகள் ஆட்களையே மீட்டுத் தந்திருக்கின்றன. மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பாடிவிட்டு ஊருக்குப் போய் விவசாய வேலை பார்த்தவர். அவர் தட்டுகளில் ஒன்று ‘அவலான் ப்ளூஸ்’, தன் ஊரைப் பற்றிய பாட்டு. முப்பத்தைந்து வருடம் கழித்து அதைக் கேட்ட டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், புது வரைபடங்களில் அந்த ஊர் அகப்படாமல் பழைய வரைபடத்தில் தேடிப் பிடித்து 1963-இல் நேரே போனார். ஹர்ட் அங்கேதான் இருந்தார். அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார். அடுத்த வருடம் ஸ்கிப் ஜேம்ஸை டியூனிகா ஊர் மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள், ஸன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில்.

ராபர்ட் ஜான்சன் விஷயத்திலும் ஒன்று சேர்க்கிறேன். 1938 டிசம்பரில் இசைத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் நியூயார்க் கார்னகி அரங்கில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார். ஜான்சனைப் பாடவைக்க ஆள் தேடும்போதுதான் அவர் இறந்த செய்தி வந்தது. பிக் பில் ப்ரூன்ஸியை மேடையேற்றினார். அதோடு விடாமல், ஜான்சனின் இரண்டு தட்டுகளை அந்த மேடையிலேயே ஒலிக்கவிட்டார். 1961 தொகுப்புக்குப் பின்னாலும் அதே ஹேமண்ட்தான். இருபத்திரண்டு வருடம் ஒருவர் ஒரு குரலை மறக்காமல் வைத்திருந்ததை வெறும் ரசனைத் திணிப்பு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

#4 சுருதிப்பெட்டி

இரண்டு பேர் சொல்வதும் ருசியாக இருக்கிறது. புதிதாகக் கேட்க வருகிறவருக்கு ஒரு சின்ன உதவி. இந்தப் பாட்டுகளில் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. நடுவே ஓர் இடத்தில் தொங்கும், சில சமயம் கீழிருந்து மேலே இழுபடும். நிஷாதமும் அப்படியே. பியானோவில் இரண்டு கட்டைக்கு நடுவே சுரம் கிடையாது. அதனால் பியானோக்காரர்கள் அக்கம்பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து நசுக்குவார்கள். கித்தாரில் கண்ணாடி பாட்டிலின் உடைத்த கழுத்தைத் தந்தி மேல் வழுக்கவிட்டால் அந்த இடம் தானாகக் கிடைக்கும்.

பாட்டின் கட்டும் எளிது. முதல் அடி, அதையே திரும்பவும், மூன்றாவது அடியில் முடிப்பு. ஒவ்வொன்றுக்கும் நான்கு தாளக்கட்டு, ஆக மொத்தம் 12. முதல் அடியைத் திரும்பச் சொல்லும்போது குரல் எங்கே மாறுகிறது என்று கேட்டாலே பாடகரின் தரம் தெரிந்துவிடும்.

#5 தெற்குவாசல்

ஐயா, தம்பி இருவருமே 1938-ஐத் தாண்டவில்லை! கேள்வி கேட்டவர் ரிதம் அண்ட் ப்ளூஸும் வேண்டும் என்றாரே.

அந்தப் பெயரே 1949-இல்தான் நிலைத்தது. அதுவரை பில்போர்டு இதழ் கறுப்பினத்தவர் தட்டுகளின் விற்பனைப் பட்டியலுக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள் என்று பெயர் வைத்திருந்தது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் சொன்ன மாற்றுப் பெயர்தான் ரிதம் அண்ட் ப்ளூஸ். பிறகு அவரே அட்லாண்டிக் என்ற தட்டு நிறுவனத்துக்குப் போய் அந்த இசையைத் தயாரித்தார்.

பெயர் வருவதற்கு முன்பே இசை வந்துவிட்டது. லூயிஸ் ஜோர்டனைக் கேளுங்கள். பெரிய ஸ்விங் இசைக்குழுக்களில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள். போர்க்காலத்தில் அவ்வளவு பேரைக் கட்டி மேய்ப்பது கஷ்டம். ஜோர்டன் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு அதே சூட்டைக் கிளப்பினார். ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டி, இருந்த ஊரிலெல்லாம் அவர் குரல்தான். அவருடைய 18 பாட்டுகள் அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தவை. இன்று ப்ளூஸ் தொகுப்பு என்று வாங்கினால் அவர் பெயரைக் காணோம். சிரித்துக்கொண்டே ஆடவைத்தார் என்பதற்காக ஒருவரை வெளியே நிறுத்துவது எனக்கு ஆறவே இல்லை.

நியூ ஆர்லியன்ஸில் காசிமோ மட்டாசா நடத்திய சின்ன ஸ்டுடியோவில் 1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டாமினோ ‘த ஃபேட் மேன்’ பதிவு செய்தார். 1952-இல் சிகாகோவில் லிட்டில் வால்ட்டர் ‘ஜூக்’ வாசித்தார். மௌத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து ஆம்ப்ளிஃபையர் வழியாக ஊதுவார். சாக்ஸபோன் அளவுக்கு அகலமான ஒலி. வார்த்தையே இல்லாத அந்தத் தட்டு எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிக் மாமா தார்ன்டன் ‘ஹவுண்ட் டாக்’ பாடினார். எல்விஸ் பாடியதை மட்டும் கேட்டவர்கள் அவசியம் இதைக் கேட்க வேண்டும். இது ஒரு பெண் ஓர் உதவாக்கரை ஆணை வீட்டைவிட்டு விரட்டும் பாட்டு.

தொகுப்பு என்றால் ஜெர்மனியின் ‘பேர் ஃபேமிலி’ (Bear Family) நிறுவனம் வெளியிட்ட ‘ப்ளோயிங் த ஃப்யூஸ்’ வரிசை. 1945 முதல் ஆண்டுக்கு ஒரு குறுந்தட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் விரிவான குறிப்பு உண்டு. 1945-ஐயும் 1952-ஐயும் அடுத்தடுத்துப் போட்டால் டிரம்ஸ் எப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தது என்று காதுக்கே புரியும்.

#6 மழைக்காலம்

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு மிக்க நன்றி. லூயிஸ் ஜோர்டனை நேற்றிரவே கேட்டேன், வீட்டில் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம். ஒரு கடையில் பத்துக் குறுந்தட்டு கொண்ட ப்ளூஸ் பெட்டி மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன். இரைச்சலே இல்லை. ஆனால் பாடுகிறவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கிறது. எந்த வருடம், எந்த ஊர், யார் பியானோ என்று ஒரு வரி கிடையாது. ஒரு பாட்டுக்குப் பாடகர் பெயரே தவறு. பழைய பதிவு என்றால் இப்படித்தான் இருக்குமா?

#7 பழையதட்டு

இல்லவே இல்லை. மூலத் தட்டில் இருந்ததை யாரோ துடைத்து எடுத்துவிட்டார்கள்.

78 சுற்றுத் தட்டு நம் அரக்கில் செய்தது. அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் அதே அரக்கு, சோட்டா நாக்பூர் காடுகளிலிருந்து கல்கத்தா வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. அதோடு கல்பொடியும் கரியும் கலந்து சூட்டில் அழுத்துவார்கள். அந்தக் கல்பொடிதான் ஊசிக்கடியில் ‘ஸ்ஸ்’ என்று கேட்பது. போர் வந்து இந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு ஆனதும், 1942-இல் அமெரிக்க அரசு தட்டுக்கான அரக்கை வெட்டியது. பழைய தட்டுகளைக் கரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். எத்தனை ப்ளூஸ் தட்டு அந்த உலைக்குள் போனதோ! அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவு மறுப்புப் போராட்டமும் சேர்ந்துகொண்டது. 1942-லிருந்து 1944 வரை தொகுப்புகளில் ஒரு பள்ளம் தெரிவது இதனால்தான்.

நல்ல தொகுப்பாளர் முதலில் தட்டைக் கழுவுவார். பிறகு தட்டில் ஒலி பதிந்த பள்ளக்கோட்டுக்குப் பொருந்தும் ஊசி. பின்னால் வந்த எல்.பி. தட்டின் ஊசியைவிட 78 ஊசி கிட்டத்தட்ட மூன்று மடங்கு பருமன். தேய்ந்த தட்டு என்றால் இன்னும் பருமனான ஊசியோ மெல்லியதோ போட்டு, பழைய ஊசிகள் தேய்க்காத இடம் பள்ளச் சுவரில் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடுவார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர். உங்கள் பெட்டிக்காரர்கள் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கிறார்கள். இரைச்சலும் பாடகரின் மூச்சும் ஒரே இடத்தில் இருக்கும். ஒன்றை வழித்தால் இன்னொன்றும் போய்விடும்.

பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927 டிசம்பரில் டல்லஸில் பதிவு செய்த ‘டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்’ கேளுங்கள். ப்ளூஸ் அல்ல, பக்திப் பாட்டு. வார்த்தை கிடையாது, முனகல்தான். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் அனுப்பிய தங்கத் தட்டில் இது இருக்கிறது. நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரும் அதே தட்டில் இருக்கிறார். இந்தப் பாட்டில் இரைச்சலைத் துடைத்தால் முனகலின் கடைசிப் பகுதி காணாமல் போகும். உங்கள் பெட்டியைச் சோதிக்க இந்த ஒரு பாட்டு போதும்.

#8 தெற்குவாசல்

மலிவுப் பெட்டி எப்படி வருகிறது என்றால், ஐரோப்பாவில் நெடுங்காலம் ஒலிப்பதிவுக்கு 50 வருடம்தான் பாதுகாப்பு. அது 70 ஆனது 2013-இல். அதற்குள் இந்த இசை எல்லாம் அங்கே பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் போடலாம். கவனமாகப் போட்டவர்களும் உண்டு, அள்ளிக் கொட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1923-க்கு முந்தைய பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்றுதான் பொதுவாயின.

இதில் பாடியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை நினைத்தால் வயிறு எரியும். ரூத் பிரவுன் கதையைச் சொல்கிறேன். 1948-இல் அட்லாண்டிக் நிறுவனத்தோடு சேரப் போகும் வழியில் கார் விபத்து. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி கையெழுத்துப் போட்டார். 1950-இல் ‘டியர்ட்ராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்’ 11 வாரம் முதலிடம். அட்லாண்டிக்கை ‘ரூத் கட்டிய வீடு’ என்றே சொல்வார்கள். ஆனால் ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம் எல்லாம் பாடகர் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டே போகும் வழக்கம் அப்போது. அந்தக் கடன் தீர்ந்த பிறகுதான் ராயல்டி. பின்னாளில் அவர் வீட்டு வேலைக்குப் போனார், பஸ் ஓட்டினார். ஹவல் பெகில் என்ற வழக்கறிஞரோடு சேர்ந்து வருடக்கணக்காகப் போராடி, 1988-இல் தனக்கும் கூடப் பாடிய பலருக்கும் அந்தப் பழைய கடனைத் தள்ளவைத்தார். ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் பிறந்தது அந்தப் போராட்டத்தில்தான்.

ஆகவே தொகுப்பு வாங்கும்போது குறிப்பேட்டைப் பாருங்கள். வாத்தியக்காரர் பெயரைக்கூடப் போடாதவர் வேறு எதைச் சரியாகச் செய்திருப்பார்?

#9 ஊசிமுனை

பழையதட்டு ஐயா, ஹேமண்ட் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன். சேகரித்தவர்கள் இல்லாமல் எதுவுமே மிஞ்சியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன். ஜான்சனைக் காட்டில் தானாக முளைத்த மரமாகக் காட்டியதும் அதே தொகுப்புகள்தான்.

அவர் தட்டு கேட்டு வளர்ந்தவர். ‘32-20 ப்ளூஸ்’ ஸ்கிப் ஜேம்ஸின் ‘22-20’ பாட்டிலிருந்து வந்தது. ஜேம்ஸ் பியானோவில் வாசித்ததை ஜான்சன் கித்தாரில் ஏற்றினார். ஜான்சனின் ‘லவ் இன் வெய்ன்’ மெட்டை லீராய் கார் 1935-இல் பாடிய ‘வென் த சன் கோஸ் டவுன்’ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பதிவு முடிந்த இரண்டே மாதத்தில் கார் இறந்தார், வயது முப்பது. விற்பனைப் பட்டியலில் இருந்தவரும் அதில் இல்லாதவரும் ஜான்சன் காதில் ஒரே வரிசையில்தான் இருந்தார்கள். நாம்தான் பிரித்து வைத்தோம்.

மழைக்காலம், நீங்கள் தொகுப்பு கேட்டீர்கள். 1990-இல் வந்த ஜான்சனின் முழுப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள், 41 பதிவுகள். ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ அதில் இரண்டு தடவை வரும். முதலாவது அன்று 78 தட்டில் வந்தது. இரண்டாவது, நிதானமானது, நீங்கள் கேட்கும் 1961 தட்டில்தான் முதலில் வெளியானது. கூடவே லீராய் கார் தொகுப்பு ஒன்று. அப்புறம் தெற்குவாசல் சொன்ன ஆண்டுவாரி வரிசை. இவற்றோடு ஒரு மூன்று பாட்டுகளை மட்டும் இந்த வரிசையில் கேளுங்கள்: ஸ்க்ராப்பர் பிளாக்வெல் 1928-இல் பாடிய ‘கோகோமோ ப்ளூஸ்’, கோகோமோ அர்னால்ட் 1934-இல் பாடிய ‘ஓல்ட் ஒரிஜினல் கோகோமோ ப்ளூஸ்’, ஜான்சன் 1936-இல் பாடிய ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’. நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.

#10 மழைக்காலம்

ஊசிமுனை அண்ணா, கேட்டேன். ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பிளாக்வெல் பாடும்போது அது இண்டியானாவில் இருக்கும் கோகோமோ என்ற சின்ன ஊர். குரல் தணிவாக, கித்தார் மட்டும் ஒவ்வொரு அடியின் முடிவிலும் சுண்டிச் சுண்டிப் பேசுகிறது. ஆறு வருடம் கழித்து அர்னால்ட் கையில் அதே பாட்டு தலைதெறிக்க ஓடுகிறது. தந்தி மேல் ஏதோ வழுக்குகிறது, குரல் திடீரென்று உச்சிக்குத் தாவுகிறது. இந்தப் பாட்டால்தான் அவருக்கு அந்தப் பெயரா? ஜான்சனிடம் வரும்போது ஓட்டம் அடங்கிவிட்டது. கீழ்த்தந்தியில் அந்த நடை வந்துவிட்டது, நான் முதல் பதிவில் சொன்னேனே, அதே நடை. ஊர்ப்பெயர் சிகாகோவாக மாறியிருக்கிறது. ஆனால் உச்சிக்குத் தாவும் அந்தக் குரல் ஓரிடத்தில் அப்படியே இருக்கிறது. அர்னால்டைக் கேட்காமல் இருந்திருந்தால் அது ஜான்சனுடையது என்றே நினைத்திருப்பேன்.

பழையதட்டு ஐயா, உங்கள் சோதனையையும் செய்தேன். என் பெட்டியில் அந்த முனகல் இரண்டு இடத்தில் பாதியில் அறுந்துபோகிறது. நண்பர் ஒருவரிடம் இருந்த வேறு தொகுப்பில் கேட்டால், அதே இடத்தில் ‘ஸ்ஸ்’ சத்தத்துக்கு அடியில் அவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

இப்போது பிளாக்வெல் தனியாக வாசித்தவை மட்டும் வேண்டும். நல்ல தொகுப்பு யாரிடமாவது இருக்கிறதா?